பூட்டை எடுத்துவிட்ட ஆசிரியர்



உங்களில் பலர் சென்னை, பெங்களூரு என்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். நீங்கள் தினமும் சொல்லும் 'பிராஞ்ச்', 'டெஸ்ட்' இவற்றின் பின்னால் ஒரு வாத்தியார் கதை உண்டு. ஊரிலிருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

ஒரே நிரலைப் பலர் எழுதும்போது, ஒருவர் திருத்தியதன் மேல் இன்னொருவர் எழுதிவிட்டால் முதல் ஆளின் உழைப்பு போச்சு. 1982-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி இதற்கு ஆர்.சி.எஸ். என்றொரு ஏற்பாட்டைத் தந்தார். அவர் கண்ட வழி பூட்டு. ஒருவர் திருத்த எடுத்த கோப்பு, அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்களுக்குப் பூட்டியே இருக்கும். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டின் அருமை தெரியும். சாவிக்காரர் வெளியூர் போய்விட்டால் வாசலில் நிற்கும் பாடும் தெரியும்!

ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூனே என்ற பல்கலைக்கழக ஆசிரியருக்கும் நேரப் பிரச்சினைதான். 1984 ஜூலை முதல் 1985 ஆகஸ்ட் வரை தம் இரண்டு மாணவர்களோடு சி மொழிக்கு ஒரு கம்பைலர் எழுதினார். ஒரு மாணவர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஒழுங்காக வேலை செய்பவர். இன்னொருவர் எப்போது வருவார் என்றே சொல்ல முடியாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் நேரம். (இந்த வகைப் பிள்ளைகள் இல்லாத வகுப்பு ஏது?) அவர் மாணவர்களை மாற்றப் பார்க்கவில்லை, பூட்டை எடுத்துவிட்டார். அவரவர் பிரதியில் அவரவர் திருத்தலாம், பிறகு வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்கலாம். அதுதான் 1986-இல் வெளிவந்த சி.வி.எஸ். நல்ல ஆசிரியர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூட்டு போனதும் வேறொரு சிக்கல் வந்தது. சேர்க்கும் இயந்திரம் வரியைப் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

தமிழிலேயே சொல்கிறேன். 'தமிழ்' மூன்றெழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரத்தின் மேல்விலங்கு, ழ, புள்ளி. கணினி வெறுமனே எண்ணினால் ஐந்து என்றுதான் சொல்லும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் மற்றவர்களும் ஓப்பன்-தமிழ் என்ற பொதுக் களஞ்சியத்தில் இதைச் சரியாக எண்ணும் நிரலை எழுதி வைத்திருக்கிறார்கள். அது போன்ற ஒன்றில், 'க்ஷ'வை ஒரே எழுத்தாக எண்ண ஒருவர் விதி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வேறிடத்தில் புள்ளி பற்றிய வரியைச் சுருக்குகிறார். தனித்தனியே இரண்டும் சரி. சேர்ந்தபின் 'அக்கா' இரண்டெழுத்தாகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் டெஸ்ட். 'அக்கா' கொடுத்தால் 3 வரவேண்டும் என்று கேள்வியையும் விடையையும் முன்கூட்டியே எழுதி, இயந்திரத்தையே திருத்தச் சொல்வது. கென்ட் பெக் 1994-இல் ஸ்மால்டாக் மொழிக்கு இதை ஒழுங்குபடுத்தினார். 1997-இல் அட்லாண்டா மாநாட்டுக்குப் போகும் விமானத்தில் எரிக் காமாவும் அவரும் உட்கார்ந்து ஜாவாவுக்கான ஜேயூனிட்டைத் தொடங்கினார்கள். பைத்தானுக்கும் அதே வழி வந்தது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கினார். அதில் ஒரு கிளை என்பது 40 எழுத்துள்ள ஓர் அடையாளக் குறி, அவ்வளவே. அதனால் சின்ன வேலைக்கும் தனிக் கிளை போடலாம்.

இங்கேதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சோதனைகள் வேறெங்கோ இருக்கக்கூடாது. நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருந்தால், கிளை பிரியும்போது அவையும் கூடவே போகும். 'க்ஷ' விதி எழுதும் கிளையிலேயே 'க்ஷ'வுக்கான கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். பழைய கேள்விகளை நீக்காதீர்கள். இதற்கிடையில் முதன்மைக் கிளை நகர்ந்திருந்தால், அதை முதலில் உங்கள் கிளைக்குள் கொண்டுவந்து எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள். தனியாக நின்றபோது 'அக்கா'வுக்குக் கிடைத்த மூன்று, இரண்டும் சேர்ந்தபிறகும் வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.