ஓரிரவு மட்டுமே மலரும் நிஷாகந்தி: 'பிரம்ம கமலம்' என அழைக்கப்படுவது சரியா? வீட்டில் வளர்ப்பது எப்படி?

புதுடெல்லி: மழைக்காலம் நெருங்கும்போது நாட்டின் பல நகரங்களிலிருந்து ஆண்டுதோறும் ஒரே வகையான செய்தி வருவது வழக்கம். ஒரு வீட்டின் மாடியில் நள்ளிரவில் 'பிரம்ம கமலம்' பூத்தது என்றும், அக்கம்பக்கத்தினர் திரண்டு வந்து விளக்கேற்றி வழிபட்டனர் என்றும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே மலரும் அரிய மலர் இது என்றும் அச்செய்தி கூறும். மலரின் அழகும் மணமும் உண்மை. ஆனால் பெயரும் 12 ஆண்டுக் கணக்கும் சரியானவை அல்ல.

வீடுகளில் பூக்கும் இச்செடி, தெற்கு மெக்சிகோவையும் மத்திய அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்ட ஒரு கள்ளி. இதன் தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். கேரளத்தில் நிஷாகந்தி என்று அழைக்கப்படுகிறது. உண்மையான பிரம்ம கமலமோ இமயமலையின் உயரமான சரிவுகளில் மட்டும் வளரும் வேறொரு தாவரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும், நிஷாகந்தியை வீட்டில் வளர்த்துப் பூக்க வைக்கும் முறையையும் இங்கே காணலாம்.

ஒரே பெயர், இரு தாவரங்கள்

இமயமலையின் பிரம்ம கமலம், சௌசூரியா ஆப்வல்லட்டா என்ற தாவரவியல் பெயர் கொண்டது. இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பாறைகளும் புல்வெளியும் கலந்த சரிவுகளில் வளர்கிறது. வெளிர் மஞ்சள் நிறத்தில் காகிதம் போன்று மெல்லியதாகத் தெரியும் பகுதிகள் இதன் இதழ்கள் அல்ல. உள்ளே இருக்கும் கருஞ்சிவப்பு நிறச் சிறு பூக்களைக் குளிரிலிருந்து காக்கும் உறைகள் அவை.

உத்தராகண்டின் மாநில மலர் இதுவே. கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் இறைவனுக்குச் சாத்தப்படுவதும், நந்தா தேவி வழிபாட்டுக்காக மலையிலிருந்து கொண்டுவரப்படுவதும் இம்மலரே. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஹேம்குண்ட் சாகிப் செல்லும் மலைப்பாதையில் பயணிகள் இதனைக் காண்கின்றனர். 1982-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட இமயமலை மலர்கள் வரிசை அஞ்சல் தலைகளிலும் இது இடம்பெற்றது. இம்மலர் பகலிலும் விரிந்தே இருக்கும், ஓரிரவில் வாடுவதில்லை. சமவெளியின் வெப்பத்தில் தொட்டியில் வளர்க்கக்கூடிய செடியும் அல்ல.

பெயரில் 'கமலம்' இருந்தாலும் இவ்விரண்டுக்கும் தாமரையோடு எந்த உறவும் இல்லை. தாமரை நீரில் வளர்வது. பிரம்ம கமலம் சூரியகாந்தியின் உறவு. நிஷாகந்தி கள்ளியின் உறவு. கள்ளி ஒன்றுக்குத் தாமரைப் பெயர் கிடைத்தது இது ஒருமுறை மட்டும் அல்ல. நிஷாகந்தியைப் போலவே இரவில் பூக்கும் மற்றொரு கள்ளியின் பழமான டிராகன் பழத்துக்கு, 2021 ஜனவரியில் குஜராத் அரசு 'கமலம்' என்று பெயர் சூட்டியது.

இலை அல்ல, தண்டு

நிஷாகந்தியில் தட்டையாகவும் நீளமாகவும் இலை போன்று தோன்றுபவை உண்மையில் தண்டுகள். இலையின் பணியான உணவு தயாரிப்பையும் அவையே செய்கின்றன. அவற்றின் ஓரத்தில் உள்ள பள்ளங்களிலிருந்துதான் மொட்டு வெளிப்படும். இலையின் மீது பூ பூப்பது போன்ற இத்தோற்றமே 'எபிஃபில்லம்' என்ற பெயருக்குக் காரணம். கிரேக்க மொழியில் 'இலையின் மேல்' என்பது அதன் பொருள்.

கள்ளி என்றவுடன் பாலைவனமும் முள்ளும் நினைவுக்கு வரும். இச்செடியின் இயல்பு வேறு. தாயகக் காடுகளில் இது மரக்கிளைகளின் மீது தொற்றி, மட்கிய இலைகளில் வேரூன்றி, மர நிழலில் வளர்கிறது. ஆர்க்கிட் செடிகளும் அவ்வாறே மரங்களில் தொற்றி வளர்பவை. இதனையும் இதன் உறவுச் செடிகளையும் ஆர்க்கிட் கள்ளி என்று அழைக்கும் வழக்கம் உண்டு. நர்சரிகளில் அதே பெயரில் விற்கப்படும் சிவப்பு, இளஞ்சிவப்பு நிறக் கலப்பினங்கள் பெரும்பாலும் பகலில் மலர்ந்து, இரண்டு மூன்று நாட்கள் நிற்கும். வெண்மையும் நறுமணமும் ஓரிரவு வாழ்வும் நிஷாகந்திக்கே உரியவை.

இது இரவில் மலர்வதற்குக் காரணம் அந்துப்பூச்சிகள். இருளிலும் தெரியும் வெண்ணிறம், தொலைவுக்குப் பரவும் மணம், நீண்ட குழல் வடிவ அடிப்பகுதி ஆகிய அனைத்தும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளை ஈர்ப்பதற்கான ஏற்பாடுகள். அடிக்குழலையும் சேர்த்து அளந்தால் ஒரு மலர் 30 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும்.

நாட்டுக்கு நாடு பெயர்

நிஷா என்றால் இரவு. நிஷாகந்தி என்றால் இரவில் மணம் தருவது. திருவனந்தபுரம் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் உள்ள திறந்தவெளி அரங்கும், கேரள சுற்றுலாத் துறை நடத்தும் நடன விழாவும் இப்பெயரையே தாங்கியுள்ளன. இலங்கையில் சிங்கள மக்கள் இதனைக் கடுபுல் என்கின்றனர். ஜப்பானியப் பெயருக்கு 'நிலவொளியில் தோன்றும் அழகி' என்று பொருள். ஒரு கணம் தோன்றி மறையும் புகழைக் குறிக்க இம்மலரின் பெயரைக் கொண்ட மரபுத்தொடர் சீன மொழியில் உள்ளது.

மலரின் உள்ளே சூலகமுடி நட்சத்திரம் போல் பல கதிர்களாக விரிந்திருக்கும். அதில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலைக் காண்போர் உண்டு. இயேசு பிறந்தபோது தோன்றிய விண்மீனைக் கண்டு, பெத்லகேம் லில்லி என்று அழைப்போரும் உண்டு.

தண்டுத் துண்டே போதும்

இந்தியாவில் இச்செடி பரவியது பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட தண்டுகள் மூலமே. தொட்டியில் வளரும் செடிகளில் காய் பிடிப்பது அரிது என்பதால் விதை கிடைப்பதில்லை, தேவையும் இல்லை.

முதிர்ந்த தட்டைத் தண்டில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அதை உடனே நடக் கூடாது. வெட்டுவாய் காயும் வரை ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். ஈரமான வெட்டுவாயை மண்ணில் வைத்தால் அழுகிவிடும். தண்டின் அடிப்பக்கமே மண்ணுக்குள் செல்ல வேண்டும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடையாளம் இட்டுக்கொள்வது நல்லது. 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, ஒரு குச்சியை ஊன்றி இணைத்துக் கட்டினால் சாயாமல் நிற்கும். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். பூப்பதற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

மண், தொட்டி, நீர்

மரத்தில் வாழும் செடி என்பதை நினைவில் கொண்டால் பராமரிப்பு எளிது. வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வெறும் தோட்ட மண்ணையோ களிமண்ணையோ பயன்படுத்தக் கூடாது. தோட்ட மண், மட்கிய இலை உரம், தேங்காய் நார்த் துண்டுகள், பருமணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி கரித்துண்டுகளையும் சேர்க்கலாம். தொட்டியின் அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம் தேவை. அடித்தட்டில் நீர் தேங்கி நிற்கக் கூடாது. பெரிய தொட்டியைவிட வேர்கள் சற்று நெருக்கமாக இருக்கும் தொட்டியில் இது நன்றாகப் பூக்கும்.

விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, மேற்பரப்பில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். மொட்டுக் கட்டிய காலத்தில் மண் முழுவதுமாகக் காய்ந்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் நீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த ஊருக்கு எந்த இடம்?

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமும், பிற்பகலில் நிழலும் கிடைக்கும் இடம் பொருத்தமானது. பெங்களூரு, புனே போன்ற மிதமான தட்பவெப்பம் கொண்ட நகரங்களிலும் கேரளத்திலும் மரத்தடியிலோ கிழக்கு நோக்கிய பால்கனியிலோ தனிக் கவனிப்பு இன்றியே வளரும்.

சென்னை, ஹைதராபாத் போன்ற நகரங்களில் கோடை வெயில் நேரடியாகப் பட்டால் தண்டுகள் மஞ்சளாகிக் கருகும் என்பதால் நிழல் வலை தேவைப்படும். டெல்லியிலும் பிற வடமாநிலங்களிலும் இரு பருவங்களில் எச்சரிக்கை வேண்டும்: மே, ஜூன் மாதங்களின் அனல்காற்று, டிசம்பர், ஜனவரி மாதங்களின் கடுங்குளிர். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே செல்லும் நாட்களில் தொட்டியை வீட்டுக்குள் ஜன்னல் அருகே வைப்பது பாதுகாப்பானது.

பூக்காமல் இருப்பது ஏன்?

செடி செழிப்பாக இருந்தும் பூக்கவில்லை என்பது வளர்ப்போர் பலரின் குறை. அதற்கான முக்கியக் காரணங்கள்:

* வெளிச்சக் குறைவு: அடர்ந்த நிழலில் தண்டுகள் மெலிந்து நீளும், மொட்டு விடாது.

* அதிகத் தழைச்சத்து: தழைச்சத்து மிகுந்த உரம் இட்டால் தண்டுகள் மட்டுமே பெருகும். கோடையின் தொடக்கத்தில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடுதலாக உள்ள உரத்தைக் குறைந்த அளவில் இடலாம். மண்புழு உரத்துடன் சிறிது எலும்புத்தூள் கலந்தும் இடலாம்.

* அடிக்கடி வெட்டுவது: முதிர்ந்த தண்டுகளில்தான் பூ வரும். அழகுக்காக அவற்றை வெட்டினால் அந்த ஆண்டின் பூக்களும் போய்விடும். காய்ந்த, அழுகிய தண்டுகளை மட்டும் நீக்க வேண்டும்.

* இடமாற்றம்: மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றினாலோ திருப்பி வைத்தாலோ மொட்டுகள் உதிரக்கூடும்.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் தண்டின் மடிப்புகளில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். அவற்றை ஈரத்துணியால் துடைத்து நீக்கிய பின், வேப்ப எண்ணெயையும் சில துளிகள் சோப்புக் கரைசலையும் நீரில் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். தண்டின் அடிப்பகுதி கறுத்து மென்மையானால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்நிலையில் மேலே உள்ள நல்ல தண்டை வெட்டிப் புதிதாக நடுவதே வழி.

மலரும் இரவை அறிவது எப்படி?

மொட்டு தோன்றியதிலிருந்து மலர்வதற்குச் சுமார் மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதலில் அது கீழ்நோக்கித் தொங்கும். வளர வளர அதன் காம்பு கொக்கி போல் வளைந்து, மொட்டின் நுனி மேல்நோக்கித் திரும்பும். மொட்டு நன்றாகப் பருத்து, வெளிப்புறச் செந்நிற இழைகள் விலகி, உள்ளிருக்கும் வெண்மை தெரியத் தொடங்கினால் அன்றோ மறுநாளோ மலரும்.

இருட்டிய பிறகு மொட்டு அவிழத் தொடங்கும். இரவு 10 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே முழுமையாக விரிந்திருக்கும். அறை முழுவதும் மணம் நிறையும். விடியற்காலைக்குள் இதழ்கள் தளர்ந்து கழுத்து தொங்கிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உறங்கச் செல்பவர்களுக்கு வாடிய பூ மட்டுமே மிஞ்சும்.

ஒரு மலர் ஓரிரவு மட்டுமே வாழ்ந்தாலும், செடி ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதில்லை. நன்கு முதிர்ந்த செடியில் ஒரே இரவில் பல மலர்கள் விரியும். மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் பூப்பதும் உண்டு.

பெயர் மாறினால் என்ன?

வீட்டு மாடியில் பூத்த மலருக்கு விளக்கேற்றுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு விளைவு உண்டு. வீட்டுக்கு வீடு வளரும் செடியைப் பிரம்ம கமலம் என்று நம்பும்போது, உண்மையான பிரம்ம கமலமும் அவ்வாறே எளிதில் பெருகக்கூடியது என்ற எண்ணம் உருவாகிறது. ஆண்டில் சில மாதங்களே வளர்ச்சிக்கு உகந்த மலைச்சரிவுகளில் அது மெதுவாக வளர்கிறது. விதை முதிர்வதற்கு முன்பே பூக்கள் பறிக்கப்பட்டால் அடுத்த தலைமுறைச் செடிக்கு வழியில்லை. புனிதப் பயணம் செல்வோர் அதனைப் பறித்து வராமல் இருப்பதே அந்த மலருக்குச் செய்யும் மரியாதை.

நிஷாகந்திக்கு அத்தகைய கவலை இல்லை. அண்டை வீட்டில் கேட்டுப் பெறும் ஒரு தண்டும், நீர் வடியும் ஒரு தொட்டியும், மூன்று ஆண்டுப் பொறுமையும் போதும். மொட்டு நிமிர்ந்த அன்று இரவு மட்டும் கண்விழித்திருக்க வேண்டும்.