சிவந்த தங்கம்

தங்கம் என்றால் மஞ்சள் நிறந்தான் நம் நினைவுக்கு வரும். மாதுளை முத்தைப் போலச் சிவந்த தங்கமும் உண்டென்றால் நகைக்கடைக்காரர் சிரிப்பார். ஆனால் 1857-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே அத்தகைய தங்கத்தைச் சீசாக்களில் வைத்திருந்தார். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்ததும் தண்ணீர் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

அது வெறும் சாயத் தண்ணீரா, அல்லது உள்ளே தங்கம் தங்கமாகவே இருக்கிறதா? மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. பாரடே லென்ஸினால் ஒளியைக் குவித்து உள்ளே பாய்ச்சினார். தெளிந்த கரைசலானால் ஒளி சென்ற தடமே தெரிந்திராது. இங்கோ அதன் பாதை கூம்பு வடிவில் பளிச்சிட்டது. கண்ணுக்கெட்டாத துகள்கள் ஒளியைச் சிதற அடிக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் ஒரு துகளின் பருமன் எவ்வளவு என்று சொல்ல அவருக்கு வழியில்லை. 1867-ல் அவர் காலமானார்.

1903-ல் ஜெர்மனியில் ஸீடென்டாப், ஸிக்மாண்டி என்னும் இருவர் புதிய மைக்ராஸ்கோப் ஒன்றை உலகுக்கு அறிவித்தார்கள். பக்கவாட்டில் பாய்ந்த ஒளியில், துகள்கள் இருட்டில் நட்சத்திரங்களைப் போல் மின்னின. உருவம் தெரியாவிட்டால் என்ன? எண்ண முடிந்தது. நெல்லின் மொத்த எடையும் மணிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் ஒரு மணியின் எடை தெரிந்துவிடாதா? அந்தக் கணக்கேதான். ஸிக்மாண்டிக்கு 1925-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் புள்ளிகள் ஓயாமல் துள்ளிக்கொண்டும் இருந்தன. சிறிய துகள் விரைவாகவும் பெரியது மெதுவாகவும் அலையும் என்பதற்கு 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்குச் சொல்லியிருந்தார். 1960-ல் லேசர் பிறந்தது. 1964-ல் அமெரிக்காவில் கம்மின்ஸ், நேபிள், யே மூவரும் லேசர் ஒளியைச் சிதறவிட்டு, அதைக் கொண்டே நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளின் அலைச்சலை அளந்தார்கள். இன்று கருவி அந்த ஒளியின் மினுமினுப்பைக் கவனித்துச் சில நிமிஷங்களில் அளவைச் சொல்லிவிடுகிறது. கொரோனாத் தடுப்பூசியின் கொழுப்புத் துகள்களையும் இப்படித்தான் சோதித்தார்கள்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. இந்த நுண்துகள்களில், விட்டம் பத்து மடங்கானால் சிதறும் ஒளி பத்து லட்சம் மடங்காகும். ஆகவே நாலைந்து பெருந்துகள்கள் கலந்துவிட்டாலும் போதும், சிறியவை அத்தனையும் மறைந்துபோகும். கதை எழுதுகிற எனக்கு இது புதிதல்ல. சபையில் உரத்த குரல் ஒன்று எழுந்தால் மெல்லப் பேசுகிறவர்கள் இருப்பதே தெரிவதில்லை. ஆகவே துகள்களை அளப்பவன் முதலில் செய்யவேண்டியது, தூசியை வடிகட்டுவதுதான்.

பாரடேயின் சீசாக்கள் சில இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன, சிவப்பு மாறவில்லை.