டெண்டி விளையாட்டுக் கருவியும் சோவியத் தொலைக்காட்சிகளின் நிறச் சிக்கலும்

டெண்டி என்பது தைவானில் தயாரிக்கப்பட்டு, 1992 டிசம்பரில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனத்தால் ரஷ்யாவில் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட நிகழ்பட விளையாட்டுக் கருவி ஆகும். நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் இது. ரஷ்யாவின் பல வீடுகளில் இதைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தபோது படம் தெளிவாக வந்தது, ஒலியும் வந்தது; நிறம் மட்டும் வரவில்லை. கருவியிலும் பெட்டியிலும் பழுது எதுவும் இல்லை. அதன் காரணத்தை 1960களில் எடுக்கப்பட்ட ஓர் அரசியல் முடிவில் தேட வேண்டும்.

வண்ண ஒளிபரப்புக்கு அக்காலத்தில் மூன்று முறைகள் போட்டியிட்டன. அமெரிக்கா 1953இல் ஏற்ற என்.டி.எஸ்.சி., மேற்கு ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் உருவாக்கிய பி.ஏ.எல்., பிரான்சில் ஆன்றி தெ பிரான்ஸ் உருவாக்கிய செக்காம் ஆகியன அவை. 1965 மார்ச்சில் சோவியத் ஒன்றியம் பிரான்சுடன் உடன்படிக்கை செய்து செக்காமைத் தேர்ந்தது. தொழில்நுட்பத் தகுதியைவிட அன்றைய பிரெஞ்சு-சோவியத் நெருக்கமே இத்தேர்வில் கூடுதல் எடை பெற்றது எனலாம். 1967 அக்டோபர் 1 அன்று பாரிஸ், மாஸ்கோ இரண்டிலும் முறையான வண்ண ஒளிபரப்பு தொடங்கியது.

பி.ஏ.எல்., செக்காம் இரண்டும் ஐரோப்பாவில் 625 வரிகள், நொடிக்கு 50 புலங்கள் என்ற ஒரே சட்டகத்தில் இயங்கின. ஆகவே ஒன்றின் படம் மற்றொன்றில் உருளாமல் நிற்கும். நிறத்தைச் சுமக்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. பி.ஏ.எல். முறையில் 4.43361875 மெகாஹெர்ட்ஸ் துணை அலை ஒன்றின் கட்டமும் வீச்சும் நிறத்தைச் சொல்லும். செக்காமில் 4.25, 4.40625 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைகள் வரிக்கு ஒன்றாக மாறி மாறி வரும். அங்கே அலைவெண் மாற்றமே நிறம். செக்காம் மட்டும் அறிந்த பெட்டி, பி.ஏ.எல். அலையைத் தனக்குரிய நிறக் குறிப்பாக ஏற்பதில்லை. அது நிறச்சுற்றை அணைத்துவிட்டுக் கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டும்.

டெண்டி தந்தது பி.ஏ.எல். இந்தியாவும் 1982இல் பி.ஏ.எல். முறையில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதால், 1990களில் இங்கு விற்ற இதே வகைத் தைவான் நகல்கள் வண்ணப் பெட்டிகளில் வண்ணமாகவே தெரிந்தன.

நிறம் இல்லாதது அழகுக் குறைவோடு முடியவில்லை. ஃபேமிகாம் வகைப் படச் சில்லு நான்கு ஒளிர்வு நிலைகளில் பன்னிரண்டு சாயல்களைத் தரும். ஒரே நிலையிலுள்ள சிவப்பு, நீலம், பச்சை ஆகியவற்றின் ஒளிர்வு ஏறக்குறைய ஒன்றே. நிறத்தை நீக்கினால் மூன்றும் ஒரே சாம்பல். நிறம் பார்த்து மாத்திரைகளை அடுக்க வேண்டிய டாக்டர் மாரியோ போன்ற ஆட்டத்தில் இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். 1994இல் செர்கெய் சுபோனெவ் நடத்திய 'டெண்டி - புதிய மெய்ம்மை' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறொரு வேடிக்கையையும் காட்டியது. ஒளிபரப்பு செக்காம் என்பதால், நிகழ்ச்சியில் வந்த ஆட்டம் அதே பழைய வண்ணப் பெட்டியில் வண்ணமாகத் தெரிந்தது. நிகழ்ச்சி முடிந்து சிறுவன் தன் கருவியைச் செருகினால் சாம்பல்தான்.

கருவியைத் திருத்துவது கடினம். சேகாவின் மெகா டிரைவ் போன்றவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று குறிகைகளும் தனித்தனியே கிடைக்கும். அவற்றைக் கம்பி வழியே நேராக ஏற்கும் பெட்டிக்கு எந்த நிறமுறையும் தேவையில்லை. ஃபேமிகாம் வகைச் சில்லோ நிறத்தையும் ஒளிர்வையும் உள்ளேயே கலந்து ஒரே குறிகையாக வெளிவிடுகிறது. பிரித்தெடுக்க வெளியே எதுவும் இல்லை. ஆகவே மாற வேண்டியது தொலைக்காட்சிதான்.

1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாடு நீங்கி, சேமிப்புகள் கரைந்துகொண்டிருந்த நாட்டில், எல்லா முறைகளையும் அறிந்த வெளிநாட்டுப் பெட்டியைப் புதிதாக வாங்குவது பலருக்கு எட்டாத காரியம். கைகொடுத்தது பெட்டிக்குள் பொருத்தப்படும் சிறு பி.ஏ.எல். அட்டை. 1980களில் வந்த சோவியத் வண்ணப் பெட்டிகள் பலவற்றில் நிறப்பகுதி கழற்றி மாட்டக்கூடிய தனி அட்டையாக இருந்ததால் இவ்வேலை எளிதாயிற்று. வெளிநாட்டு வீடியோ நாடாக்களை வண்ணத்தில் பார்ப்பதற்காகவே பழுதுபார்ப்போர் இதை முன்பே கற்றிருந்தனர். பிலிப்ஸின் டிடிஏ4555 போன்ற பன்முறைச் சில்லும், துணை அலையின் இருமடங்கான 8.867238 மெகாஹெர்ட்ஸ் படிகமும், ஒரு வரியின் நிறத்தை ஏறத்தாழ 64 மைக்ரோநொடி தாமதப்படுத்தும் கண்ணாடித் தாமதக் கோடும் இத்தகைய அட்டையின் முக்கிய உறுப்புகள். செக்காம் பெட்டியிலும் தாமதக் கோடு உண்டு, ஆனால் பி.ஏ.எல். கேட்கும் துல்லியம் அதிகம். தாமதம் சற்றுப் பிசகினால் திரையில் கிடைக்கோடுகள் தோன்றும். இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தாங்கிய படக்குழாயின் அருகே செய்யவேண்டிய வேலை என்பதால் சிறுவர்களின் கைக்கு இது ஏற்றதன்று.

பன்முறைப் பெட்டிகள் பரவியபின் அட்டைகளின் தேவை மங்கியது. டெண்டி வகைச் சில்லுகள் 26.601712 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 15ஆல் வகுத்தன. ஐரோப்பிய நின்டெண்டோ 16ஆல் வகுத்தது. இதனால் செயலியின் வேகம் ஐரோப்பியக் கருவியைவிட ஜப்பானிய மூலத்துக்கே நெருக்கமாக அமைந்தது. இன்றைய போன்மி மென்பொருள்கள் சிலவற்றில் என்.டி.எஸ்.சி., பி.ஏ.எல். ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது தெரிவாக 'டெண்டி' இடம்பெறுவது இதனால்தான்.