மார்க்டவுன் பிறந்த கதை

விண்டோஸிலிருந்து மேக்குக்கோ, மேக்கிலிருந்து லினக்ஸுக்கோ மாறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: “இதில் நோட்ஸ் எழுத நல்ல சாஃப்ட்வேர் எது?” புது மெஷினில் பிரவுசர் இருக்கும், மின்னஞ்சல் திறக்கும், போட்டோக்கள் வந்து சேர்ந்துவிடும். பல வருஷத்துக் குறிப்புகள் மட்டும் பழைய மென்பொருளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளுக்குப் புதுத் தளத்தில் பதிப்பே இருக்காது. இன்று இந்தக் கேள்விக்கு ஆப்சிடியன், ஜாப்லின், செட்லர் என்று நல்ல பதில்கள் பல உண்டு. மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். மூன்றிலும் எழுதுவது மார்க்டவுன் என்ற எழுத்து வடிவத்தில். குறிப்பு எழுதுகிறவர்களை மனதில் வைத்து யாரும் அதை உருவாக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாக்காரரான ஜான் க்ரூபர், 2002 முதல் டேரிங் ஃபயர்பால் என்ற தன் தளத்தில் மேக் கணினிகளைப் பற்றி எழுதிவந்தார். இணையத்தில் எழுத வேண்டுமென்றால் அப்போது எச்டிஎம்எல் குறிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு சொல்லைச் சாய்வெழுத்தாக்க முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. பத்தி தொடங்க ஒன்று, முடிய ஒன்று. எழுதியதை எழுதிய இடத்தில் நிம்மதியாகப் படிக்க முடியாது. பிரவுசரில் திறந்து, பிழையைப் பார்த்து, எடிட்டருக்குத் திரும்பி வந்து, குறிகளின் காட்டுக்குள் அந்த வரியைத் தேட வேண்டும். வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். எழுதும் இடத்திலேயே படிக்கவும் வேண்டும் என்பதில் க்ரூபர் பிடிவாதமாக இருந்தார்.

வழி மின்னஞ்சலில் இருந்தது. தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் இல்லாத வெறும் எழுத்து மின்னஞ்சல்களில், மக்கள் தாங்களாகவே சில பழக்கங்களை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லின் இருபுறமும் நட்சத்திரக்குறி. பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் ஒரு சிறுகோடு. அடுத்தவர் எழுதியதை மேற்கோள் காட்ட > என்ற குறி. பத்தி பிரிக்க ஒரு வெற்று வரி. கற்றுத்தர ஆளில்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த இலக்கணம் அது. க்ரூபர் இதை எடுத்து ஒழுங்குபடுத்தி விதிகளாக்கினார். அதுதான் மார்க்டவுன். அப்படி எழுதியதை எச்டிஎம்எல்லாக மாற்ற ஒரு நிரலும் எழுதினார்.

கூடவே உழைத்தவர் ஆரன் ஸ்வார்ட்ஸ். அப்போது அவருக்கு 17 வயது. இணையதளங்களின் புதுப் பதிவுகளைத் திரட்ட உதவும் ஆர்எஸ்எஸ் 1.0 வரையறையில் 14 வயதிலேயே பங்கெடுத்தவர். 2002-ல் இதே நோக்கத்தோடு ஏடிஎக்ஸ் என்ற வடிவத்தை அவர் உருவாக்கியிருந்தார். தலைப்புக்கு முன்னால் # போடும் வழக்கம் மார்க்டவுனுக்கு அங்கிருந்து வந்தது. ஸ்வார்ட்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். எச்டிஎம்எல் பக்கத்தை மார்க்டவுனாகத் திருப்பும் நிரல் ஒன்றை எழுதினார். போகும் வழியை க்ரூபர் போட்டார் என்றால், திரும்பி வரும் வழியை இவர் போட்டார். ஒரு மென்பொருளிலிருந்து குறிப்பைப் பத்திரமாக வெளியே எடுத்த ஒவ்வொருவரும் அந்த இரண்டாவது வழியின் அருமையை அறிவார்கள். ஸ்வார்ட்ஸ் 2013 ஜனவரியில், 26 வயதில் இறந்தார். மார்க்டவுன் பேச்சு வரும்போதெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

2004 மார்ச்சில் மார்க்டவுன் வெளியானது, 1.0 பதிப்பு ஆகஸ்டில் வந்தது. மொத்தமும் பெர்ல் மொழியில் எழுதிய ஒரே கோப்பு. மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளில் செருகினால் செருகுநிரல், பிபிஎடிட் என்ற எடிட்டரில் போட்டால் வடிகட்டி, கட்டளை வரியில் கொடுத்தால் தனி நிரல். டிசம்பரில் வந்த 1.0.1-க்குப் பிறகு க்ரூபர் இன்னொரு நிலையான பதிப்பை வெளியிடவில்லை. அட்டவணைக்கு அதில் விதியே கிடையாது. ஆளுக்கு ஆள் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டதில் பல கிளைவழக்குகள் முளைத்தன. 2014-ல் பெர்க்லி பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேனும் நிரலாளர் ஜெஃப் ஆட்வுட்டும் வேறு சிலரும் சேர்ந்து காமன்மார்க் என்ற துல்லியமான வரையறையைக் கொண்டுவந்தார்கள். வடிவத்திலிருந்து வடிவத்துக்கு மாற்றும் பாண்டாக் என்ற கருவியும் இதே மக்ஃபார்லேன் எழுதியதுதான். கணினி மாறுகிறவர்களுக்கு அதைவிட உதவியான கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பிறப்பும் தேவைப்பட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய குறிப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். வெறும் எழுத்துக் கோப்பில் எழுத்துருவின் பெயரைக்கூடச் சேர்த்து வைக்க முடியாது. யூனிகோடு வந்து தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கொடுத்தது. அந்த எண்களைக் கோப்பில் பதியும் யுடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் நிரலாளர்களான கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் வடிவமைத்தார்கள். அதில் ‘அ’ மூன்று பைட். அது இல்லாமல் தமிழ் மார்க்டவுன் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சின்னச் சின்னக் கண்ணிகள் உண்டு. வரி முடிவை விண்டோஸ் இரண்டு குறிகளால் காட்டும். லினக்ஸும் மேக்கும் ஒன்றால் காட்டும். 2018 வரை, லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸ் நோட்பேடில் திறந்தால் முழுக் கட்டுரையும் ஒரே வரியாக ஓடும். கோப்பின் பெயரில் கேள்விக்குறி வைத்திருந்தால் விண்டோஸ் ஏற்காது. தமிழ்ப் பெயர்களில் மாட்டும் கண்ணி ஒன்றும் இருக்கிறது. ‘கொள்முதல்’ என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், அதிலுள்ள ஒகரக் குறியை மேக்கின் பழைய கோப்பு முறை எச்எஃப்எஸ் பிளஸ், கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து எழுதிவைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லினக்ஸுக்கு நகலெடுத்து அதே பெயரைத் தட்டித் தேடினால் கோப்பு அகப்படாமல் போகலாம். 2017-ல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை.

ஆப்சிடியன் 2020-ல் வந்தது. அது வைத்திருப்பதெல்லாம் ஒரு கோப்புறையும் அதற்குள் மார்க்டவுன் கோப்புகளும்தான். கோப்புறையை நகலெடுத்தால் குடிபெயர்வு பெரும்பாலும் முடிந்தது. ஜாப்லின் தன் தரவுத்தளத்தில் வைக்கும், கேட்டால் மார்க்டவுனாகத் தரும். 2025-ல் விண்டோஸ் நோட்பேடு மார்க்டவுனைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. அதே ஆண்டு, மேக்கோடு வரும் நோட்ஸ் செயலியும் குறிப்புகளை மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யக் கற்றுக்கொண்டது. மாறப்போகிறவர்கள் பழைய மெஷினைக் கைமாற்றுவதற்கு முன்பே ஏற்றுமதியை முடித்து, படமும் அட்டவணையும் அதிகம் உள்ள குறிப்பு ஒன்றைப் புது மெஷினில் திறந்து பார்ப்பது நல்லது. தவறினால் அந்த இரண்டும்தான் முதலில் தவறும்.