தொலைவிலிருந்து கற்பித்தல்: அஞ்சல் முதல் இணையம் வரை

பாடங் கேட்கும் முறையைக் கூறவந்த பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே ஏற்றுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையிற் காற்பங்கே கைவருமென்றும், உடன்கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கு சேருமென்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிறையுமென்றும் நன்னூலில் வகுத்தார். அது ஓரிடத்திற் கூடியிருந்து கற்ற காலத்துக்குக் கூறிய கணக்கு. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் காணாமலே கற்பிக்கவும் கற்கவும் முற்பட்ட ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் கால வரலாற்றை நோக்கினாலும் அக்கணக்கிற் பிழை காண்பது எளிதன்று. புதிய கருவி ஒன்று தோன்றுந்தோறும் முதற் காற்பங்கை மாத்திரம் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, மற்றை முக்காற் பங்கும் தானாகவே வந்து சேருமென எதிர்பார்த்தவர் பலர்.

1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சற் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் அறவிடப்பட்டமையால், கடிதம் எளியோர்க்கு எட்டாத பொருளாயிருந்தது. 1837இல் தமது சுருக்கெழுத்து முறையை வெளியிட்டிருந்த ஐசாக் பிற்மன் இவ்வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டார். தொலைவிலிருந்த மாணவர் சுருக்கெழுத்தில் எழுதிய பயிற்சிகளை அஞ்சலில் அனுப்ப, அவை திருத்தப்பட்டு அவர்களிடம் மீண்டன. ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முறையைக் கற்பதற்கு நூல் ஏற்கெனவே கடைகளில் இருந்தது; அஞ்சல் கொண்டுசென்றது திருத்தத்தை. மாணவன் பென்னி கொடுத்துப் பெற்றது, தன் எழுத்தை ஒருவர் படித்தார் என்ற உறுதியேயாகும்.

இவ்வுண்மையைப் பிற்மனினும் ஆழமாக உணர்ந்தவர் அமெரிக்க நாட்டுப் பொஸ்ரன் நகரத்து அன்னா எலியட் ரிக்னர் அம்மையார் எனலாம். உயர்கல்வி பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்த 1873ஆம் ஆண்டில், வீட்டிலிருந்தே கற்போரை ஊக்குவிக்கும் சங்கமொன்றை அவர் நிறுவினார். ஒவ்வொரு மாணவியும் தனக்கென அமைந்த ஓர் ஆசிரியையுடன் மாதந்தோறும் கடிதத் தொடர்பு வைத்திருந்தாள். நூல் வாங்க வசதியற்றோர்க்குச் சங்கத்தின் நூலகத்திலிருந்து நூல்கள் அஞ்சலிற் சென்றன. அம்மையார் 1896இல் மறைந்தார். மறு ஆண்டிற் சங்கமும் மறைந்தது. அதற்குள் ஏறத்தாழ 7,000 பெண்கள் அதன்வழி பயின்றிருந்தனர். கற்பித்தோரும் பெண்களே, அவர்கள் ஊதியம் பெறவுமில்லை. இத்துறை வரலாற்றில் இச்சங்கத்துக்குக் கிடைத்துள்ள இடம் அதன் தகுதிக்குப் போதாது.

இதற்கு நேர்மாறான வழியில் இலண்டன் பல்கலைக்கழகம் சென்றது. 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, எங்கே எவ்வாறு கற்றவராயினும் அதன் பரீட்சைகளுக்குத் தோற்றலாமென்றாயிற்று. பரீட்சை தொலைவுக்குச் சென்றது, கற்பித்தல் செல்லவில்லை. இலங்கையர் இவ்வழியை நன்கறிவர். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942வரை இலண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றியது. கல்லூரியிற் சேர முடியாதவர் நூலும் விளக்கும் துணையாகத் தனித்திருந்து கற்றனர். வென்றவரின் பெயர்கள் பட்டியல்களில் உள்ளன; இடைவழியில் விட்டவர் எத்துணையரென எப்பட்டியலும் கூறாது.

இவ்விரு வழிகளையும் இணைக்கும் முயற்சியாக விளங்கியது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம். 1963இல் ஹரல்ட் வில்சன் அதனை ‘வானொலிப் பல்கலைக்கழகம்’ எனும் கருத்திலேயே முன்மொழிந்தார். வானொலியும் தொலைக்காட்சியும் விரிவுரை மண்டபத்தின் இடத்தைப் பெறுமென்பது அன்றைய நம்பிக்கை. 1969இற் சாசனம் பெற்று, 1971இல் 24,000க்கு மேற்பட்ட மாணவருடன் கற்பித்தல் தொடங்கியபோது நிறுவனத்தின் பெயர் மட்டுமன்றி இயல்பும் மாறியிருந்தது. ஒளிபரப்புக்கே புகழ் சென்றதாயினும், மாணவர் தம் நேரத்திற் பெரும்பகுதியைச் செலவிட்டது அச்சிட்ட பாடநூல்களிலும் ஒப்படைகளிலுமாகும். ஒவ்வோர் ஒப்படையையும் ஓர் ஆசிரியர் படித்து, புள்ளியோடு கருத்துரையும் எழுதி அனுப்பினார். ஊர்தோறும் கற்கை நிலையங்களும் கோடைகாலத்தில் ஒருவார வதிவிட வகுப்புக்களும் இருந்தன. இரவு நேரப் பாட ஒளிபரப்பு 2006இல் நிறுத்தப்பட்டபோது பல்கலைக்கழகம் அசையாது நின்றது. ஒப்படைக்குக் கருத்துரை எழுதுவதை நிறுத்தியிருந்தால் அவ்வாறு நின்றிருக்குமா என்பது ஐயமே. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பிராந்திய நிலையங்களைத் தன் உறுப்புக்களாகக் கொண்டது.

கணனியின் கதை இதனிலும் சுவையானது. 1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் ‘பிளேற்றோ’ என்னும் கற்பித்தற் பொறியை ஆக்கினார். மாணவன் திரைமுன் தனித்திருந்து பாடத்தைப் பெற்று விடையளிப்பதே அதன் நோக்கம். 1973இல் டேவிட் வூலி என்னும் பதினேழு வயது இளைஞர், பொறியின் வழுக்களை அறிவிப்பதற்காக அதிற் குறிப்பேடு ஒன்றை அமைத்தார். வழுக்களைக் கூறவந்தோர் விரைவிலே வேறு பலவற்றையும் பேசலாயினர். வினாக்களும் விடைகளும் விகடங்களும் அங்கே பெருகின. பாடத்துக்கென வகுத்த பொறிக்குள் திண்ணை ஒன்று தானே முளைத்துவிட்டது. இன்று சமூக ஊடகம் எனப்படுவதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

அத்திண்ணையையே வகுப்பாக்க முயன்றவர் கனடா நாட்டு ஜோர்ஜ் சீமன்சும் ஸ்ரீபன் டௌன்சும் ஆவர். 2008இல் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அவர்கள் நடத்திய பாடநெறியிற் கட்டணம் செலுத்தியோர் 25 பேர்; இலவசமாகச் சேர்ந்தோர் 2,200 பேர். பங்குபற்றியோர் தத்தம் வலைப்பதிவுகளிலும் உரையாடல் மன்றங்களிலும் எழுதினர். அவற்றைத் திரட்டி நாள்தோறும் மடல் ஒன்று வெளிவந்தது. பழக்கமுடையோர்க்கு அது விருந்தாயிற்று. புதியவர் சிலர் வழி தெரியாது தவித்தனர். கூட்டம் மட்டும் வகுப்பாகாது என்பதும் அங்கே புலனாயிற்று.

2011இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபஸ்தியன் துரூனும் பீற்றர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது 160,000 பேர் பதிவுசெய்தனர். நிறைவு செய்தோர் 20,000க்குச் சற்று மேற்பட்டோரே. தொகையைக் கண்டு உலகம் வியந்தது. துரூன் தொடங்கிய ‘உடாசிற்றி’ நிறுவனம் 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே அரச பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, கணிதமும் புள்ளிவிபரவியலும் பற்றிய மூன்று பாடங்களை இணையவழி நடத்தியது. மூன்றிலும் சித்தியடைந்தோர் வீதம் நேரடி வகுப்புக்களினும் தாழ்ந்திருந்தமையால், அவ்வாண்டு யூலையில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. அம்மாணவருட் பலர் முன்னரே தவறியவர்கள். சிலருக்குக் கணனி வசதியும் குறைவு. எனினும் இக்கல்வி யாருக்காக வேண்டப்பட்டதோ அவர்களே கைநழுவினர் என்பதை மறைத்தல் இயலாது.

இதன்பின் பாடநெறி வகுப்போர் நுண்ணிதாக ஆராயத் தொடங்கினர். ‘எட்எக்ஸ்’ தளத்தில் காணொளி பார்க்கப்பட்ட 69 இலட்சம் அமர்வுகளை ஆய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, காணொளி எத்துணை நீண்டதாயினும் மாணவரின் ஈடுபாடு பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை எனக் கண்டது. மண்டபத்திற் பதிவுசெய்த ஒருமணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றிவைக்கும் வழக்கத்துக்கு இது தக்க மறுப்பாகும். ஆயினும் நறுக்கிய விரிவுரையும் விரிவுரைதானே. கனடாவின் கரிசன், அண்டர்சன், ஆச்சர் ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டிலேயே இதனினும் பெரியதைக் கூறியிருந்தனர்: கற்போரின் சிந்தனையும், அவர் ஒருவர்க்கொருவர் மெய்யான மாந்தராகத் தோன்றுதலும், ஆசிரியரின் வழிநடத்தலும் ஒருங்கே அமைந்தாலன்றி இணையவகுப்பு நிறைவுறாது என்பது அவர் கொள்கை.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இலங்கைப் பல்கலைக்கழகங்கள் சில வாரங்களுள் இணையத்துக்கு மாறின. ‘சூம்’ வகுப்பில் விரிவுரையாளர் பேசினார். ஒலியும் படமும் மூடிய பெயர்ச் சதுரங்கள் அவர்முன் வரிசையாக நின்றன. விளங்காததைக் கேட்கவும், தவறிய குறிப்பைப் பெறவும், ஒருவர்க்கொருவர் கணக்கை விளக்கவும் மாணவர் சென்ற இடம் வேறு. அது அவர்களின் கைப்பேசியிலிருந்த வட்ஸப் குழு.