ரோம் கோப்பின் பதினாறு பைட்டுகள்
ஜப்பானில் 1983ஆம் ஆண்டு நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்கான விளையாட்டுகள், படிக்க மட்டுமே இயலும் நினைவகச் சில்லாகிய ரோமில் பதிக்கப்பட்டு, கார்ட்ரிட்ஜுகளாக விற்கப்பட்டன. அச்சில்லில் உள்ளதைக் கணினி படித்துச் சேமித்த நகலே ரோம் கோப்பு. ஆயினும் நிரலும் படங்களும் பெரும்பாலும் தனித்தனிச் சில்லுகளில் இருந்தமையால், எது எங்கே முடிகிறது என்பதை வெறும் நகல் காட்டவில்லை. இக்குறையை, 1990களில் மராத் ஃபைசுலின் தம் ஐநெஸ் எமுலேட்டருக்காக, அதாவது அக்கருவியைப் போலவே கணினியை இயங்கவைக்கும் மென்பொருளுக்காக, வகுத்த 16 பைட் தலைப்பகுதி தீர்த்தது. அதன் முதல் மூன்று பைட்டுகள் என், இ, எஸ் எனும் எழுத்துகளையும், நான்காவது 26 எனும் எண்ணையும், ஐந்தாவது நிரலின் அளவை 16 கிலோபைட் கூறுகளாகவும், ஆறாவது படங்களின் அளவை 8 கிலோபைட் கூறுகளாகவும் தாங்கி நிற்கின்றன. சிறியதாயினும் இது அரிய பணி. பெரும்பாலான ஃபேமிகாம் எமுலேட்டர்கள் இன்றும் இத்தலைப்பகுதியைப் படித்தே கோப்பைத் திறக்கின்றன.