இராபர்ட்டு என்னும் ஆட்பெயர்

பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மிஷனுக்குரிய நிலையங்களுள் சத்தியமங்கலமும் ஒன்று. அம்மிஷனைத் தோற்றுவித்தவர் இராபர்ட்டு தெ நொபிலி (1577-1656). 1606-இல் மதுரை வந்து, 1623-இல் சேலம் வரை சென்ற அவரைத் தமிழர் அறிந்தது தத்துவ போதகர் என்னும் பெயரால். அவருடைய இயற்பெயர் வழக்கில் வேரூன்றவில்லை.

அப்பெயர் இத்தாலியருக்கே உரியதன்று. பழஞ் செருமானியக் கூட்டுப்பெயராகும். முன்மொழி புகழைக் குறிக்கும். பின்மொழி ஒளியைக் குறிக்கும். ஆங்கிலத்துப் 'பிரைட்' பின்மொழியின் இனச்சொல். ரூப்பர்ட்டு, ரூப்ரெக்ட்டு என்பன இதன் செருமானிய வடிவங்கள். இங்கிலாந்தில் இது பரவியது 1066-க்குப் பின் நார்மானியரால் என்க. 'புகழொளியோன்' எனப் பொருள் கூறுவார் உளர். அது பொருந்தாது, செருமானியர் இருசொற்களை இணைத்துப் பெயரிடுங்கால், அவை சேர்ந்து ஒரு பொருள் தரவேண்டும் என்று கருதினாரல்லர்.

கோவையில் 1862-இல் பள்ளியும் 1888-இல் நூற்பாலையும் நிறுவிய சர் இராபர்ட்டு ஸ்டேன்ஸ் (1841-1936) பெயரிலும் இதுவே நிகழ்ந்தது. ஸ்டேன்ஸ் பள்ளி, ஸ்டேன்ஸ் மில் எனக் குடும்பப் பெயரே ஊர்வழக்கில் நிலைத்தது, முதற்பெயர் மறைந்தது.

இனி, எழுதுமுறை. ரகரம் மொழிக்கு முதலாகாது. வடசொல்லில் ரகரத்தின்முன் அ, இ, உ என்னும் குறில்கள் வருமென்பது நன்னூல் விதி. அதனைத் தழுவி இகரம் சேர்த்தோம். வல்லொற்று ஈறாகாது என்பதால் உகரமும் சேர்த்தோம். இவ்வளவில் இலக்கணம் காத்துவிட்டதாக நம்மவர் அமைதியுறுகின்றனர். ஆனால் இடையில் நிற்கும் 'ர்ட்ட்' யாது? ய, ர, ழ ஒற்றின்பின் ஈரொற்றாய் வருவன க, ச, த, ப என்பனவும் அவற்றின் இன மெல்லெழுத்துகளுமே. டகரத்திற்கு அங்கு இடமில்லை. வாயிலைக் காத்துக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை இது!

'இராபர்த்து' என்பது விதிக்கு ஒத்தது. இத்தாலிய 'ரொபெர்த்தோ' தகர ஒலியே உடையதாதலின் நொபிலியார்க்கு அது மிகவும் இயைபுடையது. ஆங்கில வழியே டகரம் புகுந்தது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெலார் பெயரிலோ இடர் இரட்டிப்பாகிறது. லகர ஒற்றின்பின்னும் டகரம் மயங்காது. ஆகவே அவர்தம் இருபெயரும் தமிழ் மரபைக் கடந்தே நிற்கின்றன. நூற்றாண்டுக்கு மேல் வழங்கிவிட்ட அவர் பெயரை மாற்றுதல் வேண்டா. புதிதாக எழுதுமிடத்தேனும் 'இராபர்த்து' என எழுதுக என்பதே எம் கருத்து.